கோமதிநாயகம் வீட்டில் குப்பை ஜெயித்த கதை

ஊர்ப் பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். வீட்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். மேலத்தெருவில் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பச்சைக் கதவு போட்ட வீடு. அதில் அண்ணன் தம்பி மூன்று பேர். கை, கால், கண், காது எல்லாம் மூவருக்கும் சரியாகவே இருந்தன. வீட்டுக்குள்ளே அவற்றை அவர்கள் பயன்படுத்தி யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

மூத்தவர் உலகநாதன். கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று இருபது வயதில் யோசிக்க உட்கார்ந்தவர், நாற்பத்தைந்து ஆகியும் எழுந்திருக்கவில்லை. நடுவில் உள்ளவர் கோமதிநாயகம். பெண்டாட்டி பிள்ளைகள் இவருக்குத்தான். கடைசி ஆள் பிச்சாண்டி. ஒன்பதாம் வகுப்பை மூன்று வருஷம் படித்ததால் வீட்டிலேயே அதிகம் படித்தவர் என்று பெயர். மூவருக்கும் சேர்த்து ஒரு சைக்கிள் கடை. காலையில் கதவைத் திறந்து வைத்தால் போதும், வருகிறவர்களே பஞ்சர் ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

வீட்டுக்குள்ளே மற்றதெல்லாம் வேலம்மாள். கோமதிநாயகத்தின் மனைவி. பெருக்குவது, துவைப்பது, தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் தேய்ப்பது எல்லாம் அவள். இரண்டு பிள்ளைகள். செண்பகத்துக்கு ஆறு வயது, கண்ணுச்சாமிக்கு நாலு.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம் வேலம்மாளின் தங்கச்சிக்குப் பிரசவ நேரம் வந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும், குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள். சாப்பாட்டுக்கு மெஸ்ஸில் சொல்லி வைத்துவிட்டு, சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்:

"எட்டு வருஷமா இந்த வீட்டுல குனிஞ்சது நான் ஒருத்திதான். போனாப் போவுதுன்னு விட்டுட்டேன். ஆனா என் பிள்ளைங்க உங்களை மாதிரி ஆயிரக் கூடாது. நான் வாறதுக்குள்ள அதுங்களுக்கு நாலு வீட்டு வேலை பழக்கி வைங்க. வெள்ளிக்கிழமை நாலு மணி பஸ்ல வாறேன். வீடு வீடா இருந்தா இருப்பேன். இல்லேன்னா பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு அதே பஸ்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்க காலைப் பிடிச்சாலும் திரும்ப மாட்டேன்."

வேலம்மாள் சொன்னால் சொன்னதுதான். அது கோமதிநாயகத்துக்குத் தெரியும். மனுஷனுக்கு மூளைதான் கொஞ்சம் கம்மி, பாசம் நிறைய இருந்தது. பெண்டாட்டி பிள்ளைகள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அம்மா தெருமுனை திரும்புவதற்குள் செண்பகம் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்க ஆரம்பித்துவிட்டாள். கண்ணுச்சாமி செம்பில் தண்ணீர் மோந்து துளசிக்கு ஊற்றினான், பாதியைத் தன் கால்சட்டையிலும் ஊற்றிக்கொண்டான். இரண்டும் சிரித்துக்கொண்டே செய்தன. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த வயதில் வேலை என்றால் கொள்ளை ஆசை. அந்த ஆசை போவதற்கு வீட்டில் பெரியவர்கள் வேண்டும். இந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

"ஏ நிறுத்து, நிறுத்து!" என்று ஓடினார் கோமதிநாயகம். "யாரைக் கேட்டுச் செய்யுதீங்க? முறைப்படி பழக்க வேண்டாமா? தப்பாப் பழகிட்டா உங்கம்மா என்னை விட்டுட்டுப் போயிருவா!"

விளக்குமாறும் செம்பும் பறிமுதல் ஆயின. மூவரும் அங்கன்வாடிக்குப் போய் ஜெசிந்தா டீச்சரைப் பிடித்தார்கள். டீச்சர் பாவம், இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று, சத்துமாவுச் சட்டிக்குள் ஒன்று என்று நின்றுகொண்டிருந்தார். சட்டிக்குள் இருந்ததைத் தூக்கிக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னார்:

"அதுக்கென்ன அண்ணாச்சி, சுலபம்தான். வேலையை விளையாட்டா மாத்திருங்க. அவங்க கைக்கு ஏத்தாப்பல சின்னச் சாமானாக் குடுங்க. குழந்தை உயரத்துக்கு நீங்க இறங்கிப் பேசுங்க. என்ன செஞ்சாலும் கைதட்டுங்க. அவ்வளவுதான்."

பிச்சாண்டி நாலையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். மாட்டும்போது சுவர்க்காரை ஒரு படி உதிர்ந்தது. அதை யாரும் பெருக்கவில்லை. இன்னும் விளையாட்டு முடிவாகவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை முதல் பாடம். வேலையை விளையாட்டாக மாற்றுவது.

"விளையாட்டுன்னா ரெண்டு அணி வேணும்லா?" என்று ஆரம்பித்தார் உலகநாதன்.

"ஒரு அணி பிள்ளைங்க. சரி. எதிரணி யாரு அண்ணே?"

"யோசிச்சுப் பாரு. பிள்ளைங்க யாரை வெளியேத்தப் போகுது?"

"குப்பையை."

"அப்ப குப்பைதான் எதிரணி."

தம்பிகள் இருவருக்கும் புல்லரித்துவிட்டது. டாஸ் போட்டார்கள். குப்பை சார்பாகப் பூ கேட்டவர் பிச்சாண்டி. பிள்ளைகள் ஜெயித்தன. செண்பகம் மடமடவென்று கூடத்தைப் பெருக்கி, குப்பையை அள்ளி வாசலுக்கு வெளியே கொட்டிவிட்டு வந்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

"பெரியப்பா, முடிச்சிட்டேன்!"

"கெட்டிக்காரி. இப்ப அவங்க ஆட்டம்" என்றார் உலகநாதன்.

"யாரு ஆட்டம்?"

"குப்பை ஆட்டம்மா. நீங்க மட்டும் ஆடிட்டு வீட்டுக்குப் போனா அது விளையாட்டா? ஊரு ஒத்துக்குமா?"

பிச்சாண்டி வெளியே போய், கொட்டிய குப்பையை ஒரு துரும்பு விடாமல் பொறுக்கிக்கொண்டு வந்து, கூடம் முழுக்கப் பரப்பினார். அவர் நேர்மையான ஆள். பக்கத்து வீட்டுக் குப்பையும் கொஞ்சம் கலந்துவிட்டதைக் கண்டதும், அது வெளியூர் ஆட்டக்காரர் சேர்த்தியா என்று அண்ணனைக் கேட்டுவிட்டுத்தான் போட்டார். அண்ணன் சேர்த்தி என்றார்.

சாயங்காலம் வரை ஒன்பது தடவை பெருக்கினாள் அந்தப் பிள்ளை. ஒன்பது தடவை குப்பை உள்ளே வந்தது. பத்தாவது தடவை செண்பகம் விளக்குமாற்றைப் போட்டுவிட்டுத் தூங்கிப் போனாள். குப்பை ஜெயித்ததாக அறிவிக்கப்பட்டது. கோமதிநாயகம் மட்டும் கொஞ்சம் வருத்தப்பட்டார். "அண்ணே, வேலம்மா வரும்போது வீடு சுத்தமா இருக்கணுமே?"

"தோல்வியைத் தாங்கப் பழகணும் தம்பி. அதுவும் ஒரு பழக்கம்தான்" என்றார் உலகநாதன்.

திங்கட்கிழமை இரண்டாம் பாடம். கைக்கு ஏற்ற சின்னச் சாமான். கடைக்குப் போனால் சின்ன விளக்குமாறு கிடைக்கும். ஆனால் வீட்டில் பெரியது இருக்கும்போது கடைக்குப் போவானேன்? ரம்பத்தை எடுத்தார்கள். விளக்குமாறு ஒரு சாண் ஆனது. மண்வெட்டிக்குக் காம்பு நாலு விரல் ஆனது. துணி காயப்போடும் கொடி பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்று முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். ஈரத்துணி எல்லாம் மண்ணில் புரண்டது. உலகநாதன் வேட்டியைக் காயப் போட்ட இடத்திலிருந்து எடுத்து மறுபடி துவைக்கப் போட்டார்கள். துவைத்து மறுபடி அங்கேயே காயப் போட்டார்கள்.

பிளாஸ்டிக் குடத்தில் சிக்கல் வந்தது. நெடுக அறுத்தால் இரண்டு பிள்ளைக்கும் ஆளுக்குப் பாதி வரும் என்றார் பிச்சாண்டி. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நெடுக அறுத்தார்கள். கண்ணுச்சாமி அரைக் குடத்தைக் குழாயடியில் வைத்து ஒரு மணி நேரம் தண்ணீர் பிடித்தான். தெரு நிறைந்தது, குடம் நிறையவில்லை.

"பழைய குடம்லா, அதான் நிறையலை" என்றார் கோமதிநாயகம்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடம். இதில்தான் மூவரும் தங்கள் முழுத் திறமையையும் காட்டினார்கள். குழந்தை உயரத்துக்கு இறங்க வேண்டும். உலகநாதன் செண்பகத்தைச் சுவரோரம் நிற்கவைத்துக் கரிக்கோடு போட்டார். தன்னையும் நிறுத்தி இன்னொரு கோடு போடச் சொன்னார். இரண்டுக்கும் நடுவே ஒன்றே முக்கால் அடி வித்தியாசம்.

"ஒன்னே முக்கால் அடி எப்படி அண்ணே இறங்குறது? குனிஞ்சு பாப்பமா?" என்றார் கோமதிநாயகம்.

உலகநாதன் அவரை முறைத்தார். "டீச்சர் குனியச் சொன்னாங்களா, இறங்கச் சொன்னாங்களா?"

காலண்டர் தாளைப் பார்த்தார்கள். இறங்க என்றுதான் எழுதியிருந்தது. மேலும் அந்த வீட்டு ஆண்கள் குனிந்து பழக்கமில்லாதவர்கள். கடப்பாரையை எடுத்து, கூடத்துச் சிமெண்டுத் தரையை உடைத்து, ஆளுக்கு இரண்டு குழி வெட்டினார்கள். செண்பகத்தோடு பேச ஒன்றே முக்கால் அடி. கண்ணுச்சாமியோடு பேச இரண்டே கால் அடி, ஏனென்றால் அவன் குள்ளம். மூன்று பேருக்கு ஆறு குழி. வெட்டும்போது மூவரும் வேர்வை சொட்டச் சொட்ட உழைத்ததை நான் மறைக்கவில்லை. எட்டு வருஷத்தில் வேலம்மாள் ஒரு தண்ணீர்க் குடத்தைத் தூக்கித் தரச் சொன்னபோது வராத தெம்பு, பிள்ளைகளுக்கு வேலை பழக்குவது எப்படி என்று வரும்போது வந்துவிட்டது. உலகத்தில் நிறையப் பேருக்கு அப்படித்தான் வருகிறது.

வெட்டிய மண் கூடத்தில் இடுப்பளவுக்குக் குவிந்தது.

"எதிரணிக்கு ஆள் பலம் கூடிப்போச்சே" என்று கவலைப்பட்டார் பிச்சாண்டி.

மூவரும் குழியில் இறங்கி, பிள்ளைகளின் கண்ணுக்கு நேரே கண் வைத்து, "கண்ணு, பெருக்குதியா?" என்று அன்பாகக் கேட்டார்கள். கண்ணுச்சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அவனைப் பார்த்து மூவரும் சிரித்தார்கள். டீச்சர் சொன்னது வீண்போகவில்லை, பிள்ளை மகிழ்ச்சியாக இருக்கிறான் என்று கோமதிநாயகத்துக்கு மனசு நிறைந்தது. அன்று ராத்திரிதான் அவர் கொஞ்சம் தூங்கினார்.

புதன்கிழமை நாலாம் பாடம், கைதட்டுவது. கண்ணுச்சாமி ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுபோகும்போது கை தவறிப் போட்டான். மூவரும் குழியிலிருந்தபடியே படபடவென்று தட்டினார்கள். பையன் திகைத்து நின்றான். பிறகு இன்னொரு டம்ளரை எடுத்துவந்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கையை விரித்தான். அதற்கும் தட்டினார்கள். பதினோரு மணிக்குள் வீட்டில் டம்ளர் இல்லை.

"அப்பா, தட்டாதீங்கப்பா! அவன் வேணும்னே உடைக்கான்!" என்று கத்தினாள் செண்பகம்.

அவள் கத்தியதும் ஒரு செயல்தானே. அதற்கும் தட்டினார்கள்.

இந்தச் சத்தத்தைக் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்துவிட்டார். "கோமதிநாயகம், யாருக்கு நிச்சயம்? உங்க அண்ணனுக்கு ஒருவழியா அமைஞ்சிட்டா?" என்று எட்டிப் பார்த்தார். உள்ளே கண்ணாடித் தூள், மண் குவியல், தரையில் பாதி ஆளாக மூன்று பேர் கைதட்டிக்கொண்டு. அம்மாள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைக் காணவில்லை. தெருவில் இல்லை, தொட்டியடியில் இல்லை. கோமதிநாயகம் அழுதே விட்டார். "இன்னும் ஒரே நாள்தானே இருக்கு! பிள்ளைங்களையும் தொலைச்சிட்டு வேலம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கடைசியில் பிச்சாண்டிதான் வீட்டின் பின்பக்கம் ஒரு அறை இருப்பதைக் கண்டுபிடித்தார். அடுப்பங்கரை. மூவரும் உள்ளே நுழைந்து பார்த்தார்கள். தரை பளிச்சென்று பெருக்கியிருந்தது. செண்பகம் முக்காலிமேல் நின்று, ஒரு வாரத்து மெஸ் தூக்குவாளிகளைத் தேய்த்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுச்சாமி கரண்டிகளைத் துணியால் துடைத்து, பெரியது அப்பா, சின்னது பாப்பா என்று வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டும் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தன.

"என்ன செய்யுதீங்க?" என்றார் கோமதிநாயகம்.

"பாத்திரம் கழுவுதோம்பா."

"டாஸ் போட்டியா?"

"இல்லை."

"கைதட்ட ஆள்?"

"யாரும் வேண்டாம்பா. சும்மாதான். ஜாலியா இருக்கு."

மூவரும் வெளியே வந்து மண் குவியலில் உட்கார்ந்தார்கள். முகத்தில் ஈயாடவில்லை.

"நம்ம யாரும் இல்லாம எப்படி அண்ணே ஜாலியா இருக்க முடியும்?"

"முடியாது தம்பி. அது பொய் ஜாலி. டீச்சர் சொன்ன முறையில வராத ஜாலி நாளைக்கே காஞ்சு போயிரும். அப்ப வேலம்மா வந்து நின்னு கேட்டா என்ன சொல்லுவ?"

உலகநாதன் தீர்ப்புச் சொன்னார். ஆட்டம் செல்லாது. மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். கழுவிய தூக்குவாளிகளில் பிச்சாண்டி பழைய சாம்பாரைத் தேடிப் பிடித்துப் பூசினார். அடுப்பங்கரைக்கும் நியாயம் வேண்டுமே என்று கூடத்து மண்ணில் நாலு கூடை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். செண்பகம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து, பஸ் வரும் பக்கம் பார்க்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலம்மாள் வந்தாள். தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்த சந்தோஷம் முகத்தில் இருந்தது. வாசல் வரை இருந்தது. கதவைத் தள்ளியதும் முழங்காலில் கொடிக்கயிறு தட்டியது. நிமிர்ந்து பார்த்தாள். கூடத்தில் மண் மலை. மலைக்கு இந்தப் பக்கம் மூன்று குழி, குழிக்கு ஒருவராக மூன்று பேர்.

"என்னது இது?" என்றாள்.

"உயரம்" என்றார் கோமதிநாயகம், பெருமையாக. "பிள்ளைங்களுக்காக இறங்கிட்டோம்."

வேலம்மாள் கத்துவாள் என்று எதிர்பார்த்து மூவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவள் கத்தவில்லை. செண்பகம் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அடுப்பங்கரையைக் காட்டினாள். நடந்ததை எல்லாம் விசும்பி விசும்பிச் சொன்னாள். வேலம்மாள் மகளின் கையைத் திருப்பிப் பார்த்தாள். சாம்பலும் சோப்பும் பட்டுத் தோல் சுருங்கியிருந்தது.

வெளியே வந்து கணவன் முன்னால் நின்றாள்.

"பிள்ளைங்களுக்கு வேலை நல்லாவே வருது. இங்க இருந்தா மறந்துரும். நான் போறேன். ஒன்னு மட்டும் கேட்டுக்கோங்க. இந்த வீட்டுல நான் வளர்த்தது ரெண்டு பிள்ளை இல்லை, அஞ்சு பிள்ளை!"

இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

"வேலம்மா! நில்லு, வேலம்மா!" என்று அலறினார் கோமதிநாயகம். குழி ஒன்றே முக்கால் அடிதான். ஆடுகூட ஏறிவிடும். ஆனால் டீச்சர் இறங்கச் சொன்னார், பிள்ளைகள் முன்னால் ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காலண்டர் தாளைக் கொண்டுவந்து பார்க்கலாம் என்றால், அதை எடுக்கவும் ஏற வேண்டும். இதைப் பற்றி மூவரும் பேசி ஒரு முடிவுக்கு வருவதற்குள் பஸ் ஹாரன் அடித்துப் புறப்பட்டுவிட்டது.

கோமதிநாயகம் குழிக்குள் நின்றபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். உலகநாதன் வெகுநேரம் சுவர்க்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"அழாதலே. வேலம்மா என்ன சொல்லிட்டுப் போனா? எத்தனை பிள்ளை வளர்த்தாளாம்?"

"அஞ்சு."

"எத்தனை பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிருக்கா?"

கோமதிநாயகம் விரலை மடக்கினார். "ரெண்டு."

"மீதி மூணு எங்க?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சுவர்க்கோட்டைப் பார்த்தார்கள். மூவர் தலையும் செண்பகத்தின் கோட்டுக்குச் சரியாக இருந்தது.

"அடப்பாவமே, கோவத்துல நம்மளை மறந்து விட்டுட்டுப் போயிட்டா!" என்றார் பிச்சாண்டி. "அவளும் பாவம், எத்தனைன்னுதான் பார்ப்பா?"

அடுத்த பஸ் ஆறு மணிக்கு. குழியை விட்டு வந்தால் உயரம் கூடிவிடும் என்பதால் மூவரும் முட்டி போட்டே பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள், முட்டி போட்டே படி ஏறினார்கள், அரை டிக்கெட் மூன்று கேட்டார்கள். கண்டக்டர் முப்பது வருஷ சர்வீஸ்காரர், எல்லா விதமும் பார்த்தவர். மூவரையும் மேலும் கீழும் பார்த்தார். பஸ் கம்பியில் அரை டிக்கெட்டுக்குப் போட்டிருந்த கோட்டில் மூவர் தலையையும் அளந்தார். கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. விளையாட்டுக்கு விளையாட்டு என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டிருந்த கோமதிநாயகத்தின் மீசையைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் பாப்பா அழுதே? அம்மா எங்க?"

"கோவிச்சுக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா."

"ஐயோ பாவம். சின்னப் பிள்ளைங்களை இப்படித் தனியா பஸ் ஏத்தி விட்டது யாரு? அப்பான்னு ஒருத்தர் உண்டா இல்லையா?"

கோமதிநாயகம் அழுகையை நிறுத்திவிட்டு யோசித்தார். அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையாட்டி அனுமதி கொடுத்தார்.

"உண்டு" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "அது நான்தான்."